வழுக்குமரமும் இரண்டாவது கியரும்

அல்சூர், பெங்களூரு
ஞாயிறு காலை

அன்பு மாப்ளே,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு. இங்கே எல்லாரும் நலம். பெரியவள் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள், தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். சின்னவளுக்கு இந்த வருஷம் பத்தாம் வகுப்பு. காலையில் நானும் அவளும் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை வரை நடந்துவிட்டு வருகிறோம். மழை விட்டு நாலு நாள் ஆகிறது.

சரி, வண்டி விஷயத்துக்கு வருகிறேன். பழைய ஸ்விஃப்ட் ஒன்றை வாங்கியிருக்கிறாய், அதை இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓட்டப் போகிறாய் என்று படித்ததும் எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்து மறுபடி முதலிலிருந்து படித்தேன். அவ்வளவு சந்தோஷம். உன் அப்பா நம் இரண்டு பேரையும் சோழவரத்துக் கார் பந்தயத்துக்குக் கூட்டிப்போன நாள் ஞாபகம் இருக்கிறதா? யுத்த காலத்து விமான ஓடுபாதை, உச்சி வெயில், கண்ணெல்லாம் புழுதி. எனக்கு அந்த வாசனைதான் இன்னும் மறக்கவில்லை. அது விளக்கெண்ணெய் வாசனை என்று அப்பா சொன்னபோது நாம் நம்பவில்லை. அவர் சொன்னது உண்மைதான். ஆமணக்கு எண்ணெயின் படலம் சூட்டில் சுலபமாக அறுந்து போகாது, அதனால் பந்தய என்ஜின்களில் அதை ஊற்றினார்கள். காஸ்ட்ரால் என்று ஓர் எண்ணெய்க்கு 1909-ல் வைத்த பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரான காஸ்டரிலிருந்து வந்தது. அதே எண்ணெயை நம் வீட்டு வண்டியில் ஊற்றினால் நாளடைவில் பிசின் மாதிரி படிந்து அடைத்துக்கொள்ளும்.

"இருப்பதிலேயே நல்ல கியர் ஆயில் எது, விலையைப் பற்றிக் கவலையில்லை" என்று கேட்டிருக்கிறாய். அப்படி ஒன்று கிடையாது மாப்ளே. கியர் பெட்டிக்குள் என்ன உலோகம் இருக்கிறது, அது எப்படி உரசுகிறது, எவ்வளவு சூடாகிறது என்று பார்த்துத்தான் ஆயில். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்துக்குப் போகக் கிளம்பினேனே, அப்போது நடந்தது. என் ஹோண்டா சிட்டி விடெக் காரை இங்கே ஒரு பட்டறையில் சர்வீஸுக்கு விட்டேன். "தடத்தில் ஓட்டப்போறீங்க, கெட்டியான ஆயில்தான் கியருக்குக் காப்பு" என்று சொல்லி 80டபிள்யூ-90 ஜிஎல்-5 ஊற்றிவிட்டார்கள். முதலில் வரும் எண்கள் கெட்டியைச் சொல்பவை, ஜிஎல் என்பது கியர் ஆயிலின் தரத்தைச் சொல்வது. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கரியில் வளைவுகள் நெருக்கமாக வரும், மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் பத்து நிமிஷம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் இரண்டாவது கியருக்குப் போகும்போதெல்லாம் 'கர்ர்' என்று ஒரு சத்தம். கிளட்ச்சை முழுசாக மிதித்தும் அதே சத்தம். மதியத்துக்குள் நிறுத்திவிட்டேன். வீட்டுக்கு வந்து ஆயிலை வடித்து ஒரு பழைய தட்டில் ஊற்றி டார்ச் அடித்துப் பார்த்தால், பொன் துகள் தூவியது போல மினுங்கியது. பித்தளை. வயிறு கலங்கிவிட்டது.

ஏன் அப்படி ஆயிற்று என்று சொல்கிறேன். கியர் மாற்றும்போது வேறு வேறு வேகத்தில் சுற்றும் இரண்டு பாகங்களை ஒரே வேகத்துக்குக் கொண்டுவருவது சின்க்ரோ வளையம். பெரும்பாலும் பித்தளை. அது கூம்பு மேல் அழுந்தி, உரசி, பிடித்தால்தான் வேகம் சமமாகும். பொங்கலுக்கு ஊரில் வழுக்குமரம் ஏறுவார்களே, கிட்டத்தட்ட அந்தக் கதைதான். மரத்தில் எண்ணெய் அதிகமாகப் பூசினால் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் பிடி கிடைக்காது. ஜிஎல்-5 ஆயிலில் கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த அழுத்தம் தாங்கும் மருந்து, ஜிஎல்-4-இல் இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும். அதனால் வளையம் கூம்பைப் பிடிக்காமல் வழுக்குகிறது, வேகம் சமமாவதற்குள் பல்லும் பல்லும் மோதுகின்றன. அது போதாதென்று சூடு ஏறினால் கந்தகம் செம்பு கலந்த உலோகத்தை அரிக்கவும் செய்யும். இப்போது வரும் ஜிஎல்-5 ஆயில்கள் பலவற்றில் அந்த அரிப்பைக் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். வழுக்கல் அப்படியேதான் இருக்கிறது.

அப்படியானால் ஜிஎல்-5 எதற்கு? பின்சக்கரம் இழுக்கும் வண்டியின் பின் அச்சுக்கு. ஜீப்பில் பார்த்திருப்பாய், அங்கே பினியன் என்ற சின்னப் பல்சக்கரம், கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தின் நடுவுக்கு நேராக இல்லாமல் கீழே தள்ளி உட்கார்ந்திருக்கும். பற்கள் உருளுவதோடு நீளவாக்கில் ஒன்றின்மேல் ஒன்று தேய்த்துக்கொண்டே போகும். அந்த அழுத்தத்தில் சாதாரண எண்ணெய்ப் படலம் பிய்ந்துவிடும், அந்த மருந்து இருந்தால்தான் பல் தப்பும். உன் ஸ்விஃப்ட் முன்சக்கர வண்டி. கியரும், இரண்டு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலும் ஒரே பெட்டிக்குள், ஒரே ஆயிலில். அந்த டிஃபரன்ஷியல் பற்கள் சாய்வாக வெட்டின சாதாரணப் பற்கள், அந்த வகைத் தேய்ப்பு அங்கே இல்லை. கையேடு ஜிஎல்-4 என்று சொன்னால் ஜிஎல்-4 தான். டப்பாவில் "ஜிஎல்-4 / ஜிஎல்-5 இரண்டுக்கும்" என்று போட்டிருப்பதை நான் வாங்க மாட்டேன்.

கெட்டி விஷயத்தில் எண்ணைப் பார்த்து ஏமாறாதே. கியர் ஆயிலின் 90, என்ஜின் ஆயிலின் 40-ஐவிட இரண்டு மடங்கு கெட்டி என்று பட்டறையில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு அளவுகோல். 100 டிகிரி சூட்டில் என்ஜின் ஆயில் 40 என்பது 12.5-லிருந்து 16.3 சென்டிஸ்டோக்ஸ் (கெட்டியை அளக்கும் அலகு), கியர் ஆயில் 90 என்பது 13.5-லிருந்து 18.5. பெரிய வித்தியாசமே இல்லை. ஹோண்டாவின் பழைய கையேடுகளில், அவர்களுடைய எம்டிஎஃப் என்ற கியர்பாக்ஸ் எண்ணெய் கிடைக்காவிட்டால் அவசரத்துக்கு 10டபிள்யூ-40 என்ஜின் ஆயிலை கியர்பாக்ஸில் ஊற்றிக்கொள்ளலாம் என்றே இருக்கும். அந்தப் பெட்டி எவ்வளவு மெல்லிய, மருந்து குறைந்த எண்ணெயைக் கேட்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. நான் அந்தப் பக்கத்தைப் படித்ததே வளையம் தேய்ந்த பிறகுதான். சரியான ஆயிலை மாற்றியதும் சத்தம் பாதி குறைந்தது, முழுசாகப் போகவில்லை. கடைசியில் பெட்டியைப் பிரித்து இரண்டாவது கியர் வளையத்தை மாற்ற வேண்டியதாகிவிட்டது.

அதனால் உனக்கு நான் சொல்வது: கையேட்டில் உள்ள தரம், அதே கெட்டி, ஆனால் முழு சிந்தெட்டிக். தடத்தில் கொல்வது சூடு. எண்ணெயின் சூடு 10 டிகிரி ஏறினால் அது கெட்டுப்போகும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று ஒரு கணக்கு உண்டு. சிந்தெட்டிக் அந்தச் சூட்டில் மெலிந்து போகாமல் தாக்குப்பிடிக்கும். பத்து நிமிஷம் ஓட்டி, கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி ஆறவிட்டு உள்ளே வந்தால் ஆயிலுக்கும் ஆயுள் கூடும். வருஷத்தில் மூன்று நாலு தடவை தடத்துக்குப் போனால் கியர் ஆயிலை வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடு. "ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம்" என்று சொல்வது ஆபீஸுக்குப் போய் வரும் வண்டிக்கு.

எல்.எஸ்.டி., அதாவது ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் டிஃபரன்ஷியல், போடலாமா என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறாய். இப்போது வேண்டாம், முதலில் வண்டியோடு பழகு. பிறகு போட்டால், பற்களால் வேலை செய்யும் வகையைப் போடு. கிளட்ச் தட்டு வைத்த வகைக்கு உராய்வைச் சரிசெய்யும் மருந்து கலந்த ஆயில் தேவைப்படும். சின்க்ரோ வளையமும் அந்தத் தட்டும் ஒரே ஆயிலில் குளிக்கும் பெட்டியில் ஒன்றுக்கு ஒத்தது மற்றதற்கு ஒத்துவராது.

என்ஜின் ஆயில் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மைலேஜுக்காக வரும் மெல்லிய 30-க்குப் பதிலாக, கையேடு அனுமதித்தால் 5டபிள்யூ-40 போடு. டப்பாவில் ஏ3/பி4 என்ற தரக்குறி இருக்கட்டும். 150 டிகிரியில் வேகமாக அரைபடும்போதும் கெட்டி 3.5 சென்டிபாய்ஸுக்குக் குறையாது என்பதற்கு அதுதான் அடையாளம். 60 போடலாமா என்று யாராவது ஆசை காட்டினால் கேட்காதே. அது அதற்கென்றே இடைவெளி வைத்துக் கட்டின என்ஜின்களுக்கு. டிப்ஸ்டிக்கில் மேல் கோடு வரை நிரப்பிக்கொள், நீளமான வளைவில் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கும்போது பம்ப் காற்றை உறிஞ்சக்கூடாது.

பிரேக் ஆயிலைப் பற்றி நீ கேட்கவேயில்லை. எனக்கு அதுதான் பயம். அது காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும், நீ இருப்பது சென்னை. டாட் 4 என்ற தரத்துப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்குக் குறையாமல் கொதிக்க வேண்டும் என்பது விதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அதுவே 155-க்கு இறங்கிவிடலாம். இருங்காட்டுக்கோட்டை நேர்கோட்டின் கடைசியில் மிதிக்கும்போது உள்ளே ஆவி கிளம்பினால் பெடல் பஞ்சாகிவிடும். தடத்துக்குப் போவதற்கு முந்தின வாரம் புதிய, சீல் உடைக்காத டாட் 4 அல்லது 5.1. வெறும் 5 என்று போட்டிருப்பது சிலிக்கான், கிட்டேயே போகாதே. பல வண்டிகளில் கிளட்ச்சும் இதே டப்பாவிலிருந்துதான் குடிக்கிறது. உன்னுடையது கேபிளா ஹைட்ராலிக்கா என்று பார்த்துச் சொல்.

ஆயிலை நீயாக வடிக்க ஆரம்பித்துவிடாதே, நான் வருகிறேன். அவசரம் என்றால் ஒன்றை மட்டும் மனசில் வை: நிரப்பும் போல்ட் கழல்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு அப்புறம் வடிக்கும் போல்ட்டில் கை வை. வடித்த பிறகு மேல் போல்ட் இறுகிக்கிடந்தால் வண்டி அங்கேயே நிற்கும். வடிகால் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தால் சாதாரணம். செதில் செதிலாக இருந்தால் எனக்கு உடனே போன் பண்ணு.

அடுத்த மாசம் இரண்டாவது சனிக்கிழமை விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்புகிறேன். வேலூரில் டிபன், பதினொரு மணிக்குள் உன் வீடு. உன் கையேட்டில் ஆயில் பட்டியல் இருக்கும் பக்கத்தைப் போட்டோ எடுத்து இந்த வாரமே அனுப்பு. ஜே.சி. ரோட்டில் ஆயிலும் இரண்டு போல்ட்டுக்கும் புது வாஷரும் வாங்கி வந்துவிடுகிறேன். வண்டிக்கு அடியில் படுக்க நாலு கோணிப்பை, வடிக்க ஒரு பழைய பேசின், இது இரண்டும் உன் பொறுப்பு. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி வை, சாய்வில் நின்றால் ஆயில் அளவு பொய் சொல்லும்.

அம்மாவிடம் நான் வருவதைச் சொல். சுண்டைக்காய் வத்தக்குழம்பு வேண்டும் என்றும் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்