திருகு மூடி இல்லாத ஜாடி

திருப்பாதிரிப்புலியூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

இங்கு அனைவரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. காலையில் அவர் இன்சுலின் போட்டுக்கொள்ளும்போதெல்லாம் டோரதி ஹாட்ஜ்கின் நினைவு வருகிறது. பென்சிலின், வைட்டமின் பி12, இன்சுலின் ஆகியவற்றின் மூலக்கூறு அமைப்பைக் கண்டறிந்தவர், 1964-இல் நோபல் பரிசு பெற்றவர் என்று நீயே எனக்குப் பாடம் எடுப்பாய். ஆனால் அவருக்கு 24 வயதிலேயே மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம் வந்ததை, 30 ஆண்டுகள் வேதியியல் நடத்திய நான் ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை. ஏறக்குறைய அதே நாட்களில், 1934-இல், அவர் கைக்கு வந்த இன்சுலின் படிகத்தின் அமைப்பு 1969-இல்தான் தெளிவாயிற்று. வீங்கிக் கோணிய விரல்களோடு 35 ஆண்டுகள்! எக்ஸ் கதிர்க் கருவியின் சுவிட்சைக் கையால் இயக்க முடியாமல் போனபோது, அதற்கு நீண்ட நெம்புகோல் ஒன்றைச் செய்து வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். எனக்கென்னவோ நோபல் பரிசைவிட அந்த நெம்புகோல்தான் பெரிதாகப் படுகிறது. அறிவியலுக்கு எல்லைக்கோடு கிடையாது என்று நம்பி நாடு நாடாகப் போனவர், 1993-இல் சக்கர நாற்காலியில் பெய்ஜிங் மாநாட்டுக்கும் போனார்.

பல்லைக் கடித்துக்கொண்டு வலியை மறைத்தார் என்று எண்ணிவிடாதே. வலி வந்ததும் மருத்துவரிடம் போனவர் அவர். அன்று அந்த நோயை நன்றாக அடக்கும் மருந்து இல்லை. இன்று இருக்கிறது, தொடக்கத்திலேயே எடுத்துக்கொண்டால் மூட்டுகள் கோணாமல் காக்கலாம். தள்ளிப்போடக் கூடாது. யாராக இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது.

படிகத்துக்குள் எவரும் எட்டிப் பார்க்க முடியாது; கதிர் சிதறி விழும் புள்ளிகளை அளந்துதான் உள்ளே இருப்பதைக் கணக்கிட வேண்டும். எனக்கும் ஆறு மாதமாகப் புள்ளிகள்தாம் கிடைக்கின்றன. பக்கம் பக்கமாக எழுதி அனுப்பிய நீ இப்போது குரல் பதிவு மட்டும் அனுப்புகிறாய். பொங்கலன்று காணொளியில் காப்பிக் கோப்பையை இரண்டு உள்ளங்கைகளால் அணைத்துத் தூக்கினாய். ஆயாவின் மோதிரம் விரலில் இல்லை. குளிர் என்றாய். சரி, குளிர்தான்.

உன் ஆராய்ச்சியைப் பற்றி அப்பா பால்காரரிடம்கூடப் பெருமை பேசுகிறார். உலகத்துக்கெல்லாம் கட்டுரை எழுதுகிறவளுக்கு வீட்டுக்கு நான்கு வரி எழுத மனமில்லையே என்று எனக்குக் கோபம் வருகிறது. வந்த வேகத்தில் அது என் மேலேயே திரும்புகிறது.

நீ எம்.எஸ்சி. படித்த ஆண்டு மார்கழியில், "காலையில விரல் மடங்க மாட்டேங்குதும்மா, கோலமாவு பிடிக்க வரல" என்றாய். எழுந்திருக்கச் சோம்பல்பட்டுச் சாக்குச் சொல்வதாக அத்தை முன்னிலையில் உன்னைக் கடிந்துகொண்டேன். நீ மாவை உள்ளங்கையில் அள்ளித் தூவி, இழைகள் தடித்தும் அறுந்துமாய் ஒரு கோலம் போட்டாய். அதையும் குறை சொன்னேன். ஆயாவின் கைக்குத் தினமும் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தவளுக்குக் காலை விறைப்பு என்னவென்று தெரியாதா? தெரிந்தது. தெரிந்ததால்தான், அது உனக்கும் வந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் உன் மேல் எரிந்து விழுந்தேன். அதன் பிறகு நீ என்னிடம் எந்த வலியையும் சொன்னதில்லை.

நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பியிருக்கிறேன். இந்த முறை திருகு மூடி பாட்டில் வேண்டாமென்று மஞ்சக்குப்பத்தில் நான்கு கடை ஏறி இறங்கி, கம்பிக் கொக்கியை உள்ளங்கையால் தள்ளினாலே திறந்துகொள்ளும் ஜாடி ஒன்றை வாங்கினேன். மூடி இறுக்கமாக இருக்கிறதா, எளிதாகத் திறக்கிறதா என்று எழுது. குரல் பதிவாக இருந்தாலும் சரி.

இப்படிக்கு,
அம்மா