ஹெல்மெட்டுக்குள் செருகிய போன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வீதி விபத்துச் செய்தி பெரும்பாலும் வேகம், மதுபோதை என்ற இரண்டு சொல்லோடு முடிந்துவிடுகிறது. சாரதி அந்த நேரம் போனில் இருந்தாரா என்பது செய்தியில் வருவது அரிது. வராததற்குக் காரணமும் உண்டு. மதுவை ஊதச் சொல்லிப் பிடிக்கலாம். வேகத்துக்கு ரயர் தேய்ந்த கறுப்புக் கோடு வீதியிலேயே கிடக்கும். போன் மட்டும் விழுந்தவரின் பைக்குள்ளோ பற்றைக்குள்ளோ போய்விடும், பிறகு யாரும் தேடுவதில்லை.

மட்டக்களப்பிலிருந்து காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று வழியாகப் பொத்துவிலுக்குப் போகும் ஏ4 வீதி மேடு பள்ளம் குறைந்தது, நீளத்துக்கு நேரானது. மலைநாட்டு வளைவுகளில் போனைத் தொட எவருக்கும் துணிவு வராது. இங்கே நேர் வீதியைக் கண்டதும் கை தானாகப் பைக்குள் போகிறது. ஆனால் அந்த நேர் வீதியின் இரு பக்கமும் ஊர் நெருங்கிக் கிடக்கிறது. ஒழுங்கைக்கு ஒழுங்கை சைக்கிள் வந்து ஏறும். ரியூஷன் விட்டால் பிள்ளைகள் கூட்டமாகக் கடப்பார்கள். இரவில் மாடுகள் தார் வீதியின் சூட்டுக்கு வந்து படுத்திருக்கும். அறுவடைக் காலத்தில் பின்விளக்கு இல்லாத உழவு இயந்திரப் பெட்டி முன்னால் ஊர்ந்துகொண்டிருக்கும்.

கணக்கைப் பார்ப்போம். மணிக்கு 40 கிலோமீற்றர் என்பது முச்சக்கரவண்டிக்கு அனுமதிக்கப்பட்ட வேகம், எவரும் வேகம் என்று சொல்லமாட்டார்கள். அந்த வேகத்தில் வண்டி செக்கனுக்கு 11 மீற்றர் ஓடும். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வரியை வாசித்து ‘சரி’ என்று பதில் போட 5 செக்கன் என்று வைத்தாலும் 55 மீற்றர் போய்விடும். கிட்டத்தட்ட மூன்று கிரிக்கெட் பிட்ச் நீளம். அவ்வளவு தூரத்தையும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டச் சொன்னால் யாரும் ஓட்டுவாரா?

இலங்கையில் கையில் போனைப் பிடித்துப் பேசிக்கொண்டு வாகனம் செலுத்துவது குற்றம் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் போன் கையிலிருந்து ஹெல்மெட்டுக்குள் குடியேறியிருக்கிறது. தூரத்தில் நிற்கும் பொலிஸ்காரருக்கு இரண்டு கையும் ஹேண்டிலில் தெரியும், தலையில் கவசமும் தெரியும். நல்ல பிள்ளை. உள்ளே நடப்பது வேறு.

ஹெல்மெட்டின் கன்னத்துப் பஞ்சு தலையை இறுக்கிப் பிடிப்பதற்காக வைத்தது. கன்னத்துக்கும் அதற்கும் நடுவில் நாளாந்தம் போனைத் தள்ளினால் பஞ்சு நசிந்து, பிறகு போன் இல்லாத நேரத்திலும் ஹெல்மெட் ஆடத் தொடங்கும். பட்டியை இறுக்கினால் போன் காதை அமத்தும், அதனால் தளர்த்திவிடுவார்கள், பலர் கொளுவுவதே இல்லை. விழும்போது தலை தரையில் அடிபட முன்னரே அந்த ஹெல்மெட் கழன்று உருளும். கழலாமல் நின்றாலும் போனின் கண்ணாடியும் விளிம்பும் கன்ன எலும்புக்கு நேரே நிற்கும். இது விழுந்தால் வரும் வினை. விழ வைக்கும் வினை அதற்கு முந்தியே தொடங்குகிறது: குழியில் ஏறி இறங்கும்போது போன் கழுத்துப் பக்கம் வழுகும், அல்லது கன்னம் திரையில் பட்டு அழைப்பு அறுபடும். உடனே ஒரு கை மேலே போகும். அதை யோசித்துச் செய்வதில்லை, யோசிக்க முன்னர் நடந்துவிடும்.

ஹெல்மெட் சரியான அளவா என்று பார்க்கக் கடைக்காரரைக் கேட்கத் தேவையில்லை. பட்டிக்கும் தாடைக்கும் இடையில் இரண்டு விரல் மட்டும் போக வேண்டும். முகவாய்ப் பக்கத்தைப் பிடித்து ஆட்டினால் கன்னத்துத் தோலும் கூடவே அசைய வேண்டும். போன் செருக இடமிருக்கிற ஹெல்மெட் உங்கள் அளவு அல்ல.

கையில் பிடிப்பதால் எது கைவிட்டுப் போகிறது என்பதையும் சொல்ல வேண்டும், ‘ஒரு கையால் ஓட்டிப் பழகிவிட்டது’ என்பவர்கள் இங்கே அதிகம். கியர் மோட்டார் சைக்கிளில் வலது கையில் எக்சிலேற்றரும் முன் பிரேக்கும், இடது கையில் கிளச். போன் வலது கைக்கு வந்தால் முன் பிரேக் இல்லை. வண்டியை நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு முன் சில்லில்தான் இருக்கிறது, பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் பின்சில்லு பூட்டுப்பட்டு, மணல் பரவிய இடத்தில் வண்டி பக்கவாட்டில் இழுக்கும். போன் இடது கைக்கு வந்தால் கிளச் பிடிக்க ஆளில்லை, திடீரென நிறுத்தும்போது இயந்திரம் குலுக்கி நின்றுவிடும். முச்சக்கரவண்டியில் இடது கைப்பிடியே கிளச்சும் கியரும். முன்னால் இருப்பது ஒற்றைச் சில்லு. ஒரு கையால் ஹேண்டிலைப் பிடித்திருக்கும்போது அந்தச் சில்லு குழியில் விழுந்தால் ஹேண்டில் ஒரு பக்கம் வெட்டும், மூன்று சில்லு வண்டி சரிய அது போதும்.

சரி, போனைக் கையில் எடுக்காமலே பேச விடும் ஹேன்ட்ஸ்ஃப்ரீ போட்டால்? பலர் நம்பியிருப்பது இதைத்தான். ஹேன்ட்ஸ்ஃப்ரீ கையில் பிடிக்கும் போனைவிடப் பெரிதாகப் பாதுகாப்பானது அல்ல என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. போன் பாவிக்கும் சாரதி விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 4 மடங்கு என்றும் அந்த நிறுவனம் சொல்கிறது. காரணம் எளிது. பக்கத்தில் இருந்து பேசுபவருக்கும் வீதி தெரியும், முன்னால் பஸ் வெட்டினால் அவரே பேச்சை நிறுத்துவார். போனில் பேசுபவருக்கு எதுவும் தெரியாது, அவர் காணிப் பிணக்கைச் சொல்லிக்கொண்டே போவார். சாரதியின் கண் வீதியில் இருந்தாலும் மனம் காணியில் இருக்கும். பேச்சு முடிந்ததும் கவனம் உடனே திரும்புவதுமில்லை. குரலால் இயக்கும் வாகனக் கருவிகளை வைத்து அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் செய்து 2015ல் வெளியான ஆய்வில், கவனச் சிதறல் 27 செக்கன் வரை மிஞ்சியது தெரியவந்தது. 40 கிலோமீற்றர் வேகத்தில் அது 300 மீற்றர்.

ஆகவே அழைப்பவருக்கும் இதில் பங்குண்டு. நம்முடைய ஊரில் மூத்தவர் எடுத்த போனை இளையவர் துண்டிக்கத் தயங்குவார், முதலாளியின் போனை ஊழியர் எடுக்காமல் விடமாட்டார். அறுப்பது அழைத்தவரின் வேலையாக இருக்க வேண்டும். “எங்க மகன் நிக்கிறீங்க, வண்டியிலயா? சரி, போய்ச் சேர்ந்து எடுங்க” என்று சொல்லி வைத்துவிட்டால் முடிந்தது. சாமான் ஏற்றி ஆள் அனுப்பிவிட்டு ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் ‘எங்க வாறாய்’ என்று கேட்கும் கடை முதலாளிகள், அந்தக் கேள்வியின் பதில் ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வரலாம் என்பதை நினைக்க வேண்டும்.

போனிலேயே இதற்கு வழி இருக்கிறது, பாவிப்பவர் குறைவு. ஐபோனில் 2017 முதல் வாகனம் ஓட்டும்போது தொந்தரவு வராமல் மறிக்கும் வசதி உண்டு. அன்ட்ரொயிட் போன்களில் ‘டூ நொட் டிஸ்டர்ப்’ என்று தேடுங்கள். அழைப்பும் செய்தியும் சத்தம் காட்டாது. அவசரம் என்றால்? ஒரே ஆள் திரும்ப எடுத்தால் மணி அடிக்க விடும் அமைப்பு இரண்டிலும் இருக்கிறது. ஐபோனில் 3 நிமிடத்துக்குள், பெரும்பாலான அன்ட்ரொயிட்டில் 15 நிமிடத்துக்குள் இரண்டாவது முறை எடுக்க வேண்டும். இதை வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: ஒரு முறை அடித்தால் பிறகு பார்ப்பேன், இரண்டு முறை அடித்தால் நிறுத்திவிட்டு எடுப்பேன். வழி பார்க்க வரைபடம் வேண்டுமானால் வண்டி அசைய முன்னரே இடத்தைப் போட்டு, குரலை மட்டும் கேளுங்கள். முச்சக்கரவண்டியின் கண்ணாடிக்கு நடுவே போனை மாட்டினால் அது பாதசாரியை மறைக்கும், கண் மட்டத்துக்குக் கீழே, ஓரமாக மாட்டுங்கள்.

நிறுத்துவதிலும் பிழை விடுகிறார்கள். மணி அடித்ததும் இருந்த இடத்திலேயே பிரேக் போட்டால் பின்னால் வருபவர் முதுகில் ஏறுவார். முதலில் கண்ணாடி, பிறகு இடது சிக்னல், குறைந்தது 3 செக்கன் அது மினுங்கட்டும். வேகத்தைத் தாரிலேயே குறைத்த பின்னர்தான் ஓரத்து மண்ணில் இறங்க வேண்டும். மண் தாரைவிடப் பதிந்திருக்கும் இடங்களில் வேகத்தோடு இறங்கிய மோட்டார் சைக்கிள் சில்லு மீண்டும் ஏறாது, விளிம்பில் உரசி விழுத்தும். கல்லடிப் பாலம் மாதிரியான இடத்தில், வளைவில், ஒழுங்கை வாயில், மஞ்சள் கடவைக்குப் பக்கத்தில் நிறுத்தவே கூடாது. அழைப்பு அங்கே வந்தால் அடித்து ஓயட்டும். பேசி முடித்து மீண்டும் ஏறும்போது கண்ணாடியை மட்டும் நம்பாமல் வலது தோளுக்கு மேலால் திரும்பிப் பாருங்கள்.

சட்டத்தைப் பற்றி ஒன்று. பிரித்தானியாவில் 2003ல் கொண்டுவந்த தடை, பேசுவது, செய்தி அனுப்புவது போன்ற இருவழித் தொடர்பைக் குறித்தே எழுதப்பட்டிருந்தது. வாகனம் ஓட்டியபடி விபத்து ஒன்றைப் போனில் படம் பிடித்த சாரதி, தான் யாரோடும் தொடர்பு கொள்ளவில்லை என்று வாதிட்டார். 2019ல் லண்டன் உயர் நீதிமன்றமும் அந்தச் சட்டத்தின் சொற்படி அது குற்றமாகாது என்றது. அந்த ஓட்டையை அடைக்க 2022 மார்ச் 25 வரை சென்றது. இப்போது கையில் எடுத்துப் படம் பிடித்தாலும், பாட்டு மாற்றினாலும், சிக்னலில் நிற்கும்போது தடவினாலும் அனுமதிப்பத்திரத்தில் 6 குற்றப் புள்ளியும் 200 பவுண் தண்டமும். அனுமதிப்பத்திரம் பெற்று இரண்டு வருடம் ஆகாதவர் அந்த 6 புள்ளியோடு அதை இழப்பார். இங்கே சட்டத்தைத் திருத்த நினைப்பவர்கள் ‘கையில் பிடித்த’ என்ற சொல்லோடு நின்றுவிடாமல் ஹெல்மெட்டுக்குள், தோளுக்கும் காதுக்கும் இடையில், மடியில் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். வீதியில் நிற்கும் பொலிஸார் அதுவரைக்கும் ஒன்று செய்யலாம்: மறித்த வண்டிக்காரரின் ஹெல்மெட் பட்டியைப் பாருங்கள். தளர்ந்த பட்டி பாதி விடயத்தைச் சொல்லிவிடும்.

பஸ்களை விட்டுவிட முடியாது. பின்னால் வரும் பஸ் எங்கே என்று கேட்டுக் கேட்டு ஓடும் சாரதிகள் 50 பேரை ஏற்றியிருக்கிறார்கள். அந்த அழைப்பு நடத்துநரின் போனுக்குப் போகட்டும், சாரதியின் போன் நடத்துநரின் பையில் கிடக்கட்டும், பஸ் உரிமையாளர் மனம் வைத்தால் நாளைக்கே செய்யலாம். பயணிகள் சத்தம் போட்டுச் சண்டை பிடிக்க வேண்டாம், அதுவும் சாரதியின் கவனத்தைத்தான் கெடுக்கும். பஸ் இலக்கம், வழித்தட இலக்கம், நேரம், எந்த ஊரைக் கடந்தது, இவற்றைக் குறித்துக்கொண்டு நடத்துநரிடம் மெல்லச் சொல்லுங்கள். கேட்காவிட்டால், கொழும்பு மாதிரி வேறு மாகாணத்துக்கு ஓடும் பஸ் என்றால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955க்கு எடுக்கலாம். கல்முனை - மட்டக்களப்பு போல மாகாணத்துக்குள் ஓடுவது என்றால் கிழக்கு மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபைக்கு எழுத்தில் கொடுங்கள், பயணச்சீட்டு தந்திருந்தால் அதன் பிரதியையும் இணையுங்கள்.

இப்படிக்கு,
சாரதிப் பயிற்றுநர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி.