ஞாயிறு கார்கில் நினைவு ஓட்டம்: பெற்றோர் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம்.

ஜூலை 26, ஞாயிறு காலை 6 மணிக்கு கிருஷ்ணகிரி மாவட்ட விளையாட்டு அரங்கத்தில் நம் பிள்ளைகளின் ஓட்டம். இந்த முறை கேப்டன் மனோஜ் குமார் பாண்டே நினைவாக.

அவர் யார் என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். லக்னோ சைனிக் பள்ளி மாணவர், குத்துச்சண்டையில் ஆர்வம். ராணுவத் தேர்வில் ‘ஏன் சேர வந்தாய்?’ என்றதற்கு, போர்க்கள வீரத்துக்கான நாட்டின் மிக உயர்ந்த விருதான பரம் வீர் சக்ரா வாங்க என்றாராம். 1999 ஜூன் 25இல் 24 வயது முடிந்தது. எட்டே நாளில், ஜூலை 3 அன்று, கார்கில் போரில் காலுபார் முகட்டில் தோளிலும் காலிலும் குண்டு பட்ட பிறகும் எதிரியின் நான்காவது பதுங்குகுழி வரை போய் அங்கேயே உயிர்விட்டார். கேட்ட விருது கிடைத்தது. வாங்கியது அப்பா.

சரி, செய்ய வேண்டியவை:

1. 5.45க்கு வாசலில் இருக்க வேண்டும்.
2. ஷூ கட்டாயம். போன முறை ஒரு பொடியன் பாதி வழியில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினான்!
3. வெறும் வயிற்றில் அனுப்பாதீர்கள். ஒரு வாழைப்பழம் போதும்.
4. வீசிங் இருந்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள்.

வெள்ளி இரவுக்குள் பிள்ளையின் பெயர், வகுப்பு இங்கே போடுங்கள். அதுவரை குட் மார்னிங் படங்கள் வேண்டாமே, பெயர்களைத் தேட முடியவில்லை.