கன்னா வீடு திரும்புகிறான்

அன்புள்ள மகளுக்கு,

கேப் டவுனில் உன்னோடு வேலை பார்க்கும் அம்மையார் ஆடம் ஸ்மாலைப் பற்றிப் பேசியபோது, அவர் யாரென்று தெரியாமல் விழித்ததாகச் சொன்னாய் அல்லவா? தொலைபேசியில் சொல்லித் தீராது என்பதால் எழுதுகிறேன்.

அவர், டச்சு மொழியிலிருந்து கிளைத்த ஆப்பிரிக்கான்ஸில் எழுதிய கவிஞர், நாடகாசிரியர். 1936-இல் தென்னாப்பிரிக்காவின் வெலிங்டனில் பிறந்து, மேற்கு கேப் பல்கலைக்கழகத்தில் தத்துவத் துறைத் தலைவராக இருந்து, 1973-இல் அப்பதவியைத் துறந்து, பல ஆண்டுகள் கழித்துச் சமூகப்பணித் துறைக்கு அங்கேயே திரும்பியவர். நிறவெறி அரசு ‘கலப்பினத்தவர்’ என்று முத்திரை குத்திய மக்களில் ஒருவர். அவர்களுடைய பேச்சுவழக்கான ‘காப்ஸ்’ ஆப்பிரிக்கான்ஸைப் பிறர் நகைப்புக்கே பயன்படுத்திய காலத்தில், அது வேடிக்கைப் பேச்சன்று, ஒரு மொழி என்று அழுத்தமாக எழுதினார்.

1965-இல் வெளிவந்த அவருடைய நாடகத்தின் தலைப்பையே பார்: ‘கன்னா ஹெய் கோ ஹெய்ஸ்டூ’. கன்னா வீட்டுக்கு வருகிறான் என்று பொருள். ஏட்டு வழக்கில் ‘கொம்’ என்றிருக்கும் வினைச்சொல், அம்மக்களின் வாயில் மகரம் தேய்ந்து ‘கோ’ என்றாகிறது. அந்தத் தேய்ந்த சொல்லையே அவர் அட்டையில் ஏற்றினார். அடுத்த ஆண்டே, 1966-இல், அம்மக்கள் நெருங்கி வாழ்ந்த கேப் டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் வெள்ளையருக்கு மட்டுமான பகுதியாக அறிவிக்கப்பட்டு, காலப்போக்கில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர்.

நாடகத்தில், மக்கீட் என்ற ஏழைத் தாய் எடுத்து வளர்த்த பிள்ளை கன்னா. அவன் படித்து, கடல் கடந்து போய்ப் பொறியாளனாகிறான். அவன் வந்தால் விடியும் என்று வீடே காத்திருக்க, ஒருவன் தூக்குமேடைக்குப் போகிறான், மற்றவர்களும் ஒவ்வொருவராய்ச் சிதைகிறார்கள். கன்னா வருவது வளர்த்தவளின் இறுதிச் சடங்குக்குத்தான். இறந்தவர்களும் இருப்பவர்களும் ஒரே மேடையில் பேசிக்கொள்வதால், அவன் வந்து சேர்ந்தானா, இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறானா என்ற ஐயம் எனக்குக் கடைசிவரை தீரவில்லை. (உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை, உன் அம்மா அப்படித்தான் சொல்வாள்.)

ஆப்பிரிக்கான்ஸின் உயரிய விருதான ஹெர்ட்சோக் பரிசு 2012-இல்தான், அதுவும் அண்மைக்கால நூல்களுக்கே உரியது என்ற விதியைத் தளர்த்தி, அவருக்குக் கிடைத்தது. அவ்வளவு தாமதம் எனக்குக் கோபமூட்டுகிறது. 2016-இல் காலமானார்.

அந்த அம்மையாரை ஒருமுறை தலைப்பைச் சொல்லச் சொல்லிக் கேள். அது ‘கோ’வா, ‘கா’வுக்கும் ‘கோ’வுக்கும் இடைப்பட்ட ஒலியா என்று ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சொல்லிக் காட்டு.

அன்புடன்,
அப்பா