சேரவேண்டியவர்களுக்கு என் நன்றி

அன்புடையீர், வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வானொலி பழகிய பிள்ளைகள் ஒன்றுகூடி எனக்குச் சால்வை போர்த்தினார்கள். "சார்தான் எங்களை ஆளாக்கினார்" என்று ஒவ்வொருவராகச் சொன்னபோது கண் கலங்கிவிட்டது. ஆனால் அந்த மேடையில் என்னோடு நின்றிருக்க வேண்டியவர்கள் பலர் அங்கே இல்லை. அவர்களுக்காகவே இந்த மடல்.

1984இல் வானொலியில் சேர்ந்தேன். கொஞ்ச நாளிலேயே 'இளையபாரதம்' என்ற இளைஞர் நிகழ்ச்சி என் பொறுப்பில் வந்தது. கல்லூரிப் பிள்ளைகள் எழுதி எடுத்து வருவார்கள். ஒலிப்பதிவு அறையில் சிவப்பு விளக்கு எரிந்ததும் தொண்டை அடைத்துக்கொள்ளும். நான் தைரியம் சொன்னேன், உண்மைதான். தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் பொறியாளர் அண்ணன்.

ஒரு சம்பவத்தைச் சொல்லியே ஆகவேண்டும். 1960களின் பிற்பகுதியில் வானொலியில் பண்ணைச் செய்தி கேட்டு ஆடுதுறை 27 விதைத்த ஒரு பெரியவரை எங்கள் மாணவி பேட்டி எடுத்து வந்தாள். தஞ்சைப் பக்கம் அந்த நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர். அப்போதெல்லாம் டேப்புக்குத் தட்டுப்பாடு. பழையதை அழித்துத்தான் மறுபடி பதிவோம். அவசரத்தில் டேப் சுருளை (ஸ்பூல்) மாற்றி எடுத்து, அவள் பேட்டியை நானே அழித்துவிட்டேன். அவள் அழவில்லை. "நாளைக்கே போயிட்டு வந்துடறேன் சார்" என்றாள். வெளியே எடுத்துப்போகும் யூஹர் ரெக்கார்டருக்குப் புது பேட்டரி போட்டு அவள் தோளில் மாட்டிவிட்டார் அண்ணன்.

மறுநாள் ராத்திரி ஒன்பது மணிவரை இருவரும் எடிட்டிங். டேப் நொடிக்கு ஏழரை அங்குலம் ஓடும். பிளேடைச் சாய்த்து வெட்டினால்தான் ஒட்டிய இடத்தில் 'டக்' என்ற சத்தம் வராது. அவள் இடைவெளிகளையெல்லாம் நறுக்கிக்கொண்டே போனாள். அண்ணன் கையைப் பிடித்து நிறுத்தினார்: "மூச்சை வெட்டாதம்மா. அவர் மூச்சு விட்டு யோசிக்கிற இடமும் பேச்சுதான்." என் பணிக்காலம் முழுவதும் பிள்ளைகளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொன்னது அவருடைய அந்தச் சொல்லைத்தான்.

15 பைசா கார்டில் ழகரம், ளகரம் திருத்தி எழுதிய நேயர்களே, உங்கள் கார்டுகளை அறிவிப்பாளர் அறைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தோம். திட்டி எழுதிய அதே கை, ஆறு மாதம் கழித்து "தம்பி தேறிவிட்டார்" என்று எழுதியதும் உண்டு. இரவு ஒலிபரப்பு முடியும்வரை வாசலில் சைக்கிளோடு காத்திருந்த அப்பாக்களே, நீங்கள் அனுப்பாவிட்டால் அந்தப் பெண்கள் மைக் முன்னால் வந்திருக்கவே முடியாது. சொல்லாமல் கொள்ளாமல் நான் அழைத்து வந்த பிள்ளைகளுக்கெல்லாம் சோறு போட்ட என் மனைவிக்கும் நன்றி.

அந்த உழவரின் வீட்டாருக்கு ஒரு வார்த்தை. உங்கள் திண்ணையில் இரண்டாம் முறையும் முகம் சுளிக்காமல் முதலிலிருந்து பேசினார் பெரியவர். அந்தப் பதிவின் பிரதி ஒன்று என்னிடம் இருக்கிறது. அது உங்களுக்குச் சேரவேண்டியது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.