பத்துக்கு எத்தனை?

அன்புள்ள மகளுக்கு,

நேற்றும் போனில் ‘பரவாயில்லைப்பா’ என்றாய். பேசி முடிக்கும்போது நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது, நீ மூச்சை இழுத்துப் பிடித்ததும் கேட்டது. உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தாய், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முதுகெலும்பில் ஆபரேஷன் ஆன உடம்பு, அரைமணிக்கு மேல் ஒரே இடத்தில் உட்காராதே. படுக்கையிலிருந்து எழும்போது ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, காலைக் கீழே விட்டுக்கொண்டே கையை ஊன்றி எழு. பிசியோதெரபி பெண் உனக்குக் காட்டியபோது நானும் நின்றிருந்தேனே. அம்மா இல்லாத நேரத்தில் கட்டிலில் படுத்து நானே இரண்டு தரம் செய்து பார்த்தேன். சுலபமில்லை. குனியாதே.

இங்கே எல்லோரும் நலம். தம்பிக்கு வேலை மாற்றல், அதை அவனே சொல்வான். நீ தினமும் இரண்டு கிலோமீட்டர் நடப்பதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். ஆனால் லேப்டாப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடி ஏறினாயாமே? யார் சொன்னது என்று கேட்காதே. ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம்தான் ஆகிறது. எக்ஸ்ரேயில் ஸ்க்ரூ எல்லாம் சரியாக இருக்கிறது என்றதும் வேலை முடிந்தது என்று நானும்தான் நினைத்தேன். எலும்பு நன்றாகக் கூடிப் பிடிக்க ஒரு வருஷம்கூட ஆகுமாம். நரம்பு அதைவிடச் சோம்பேறி. அறுந்த நரம்பு வளர்ந்தால் ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் என்றார் டாக்டர். உன்னுடையது நசுங்கியதுதான், அந்தக் கணக்கு உனக்கில்லை என்றும் சொன்னார். இருந்தாலும் வீட்டுக்கு வந்து டேப்பை எடுத்து என் இடுப்பிலிருந்து கால் கட்டைவிரல் வரை அளந்தேன். ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர் வந்தது. டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டேன்.

மாத்திரையை நீயாகத் திடீரென்று நிறுத்தாதே. கால் பலம் குறைந்தாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர் போவதில் ஏதாவது மாற்றம் தெரிந்தாலோ விடியட்டும் என்று இருக்காதே, அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போ. என்னிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் அம்மாவிடம் சொல்.

சொல்வாயா? அதுதான் தெரியவில்லை. நாலாம் மாதம் நான்தான் கேட்டேன், ‘இன்னுமா வலிக்கிறது?’ என்று. நீ கொஞ்சநேரம் பேசவே இல்லை. அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தப் பரவாயில்லை. அது உன் சொல் இல்லையம்மா, உன் அம்மாவுடையது. நீ எட்டாவது படிக்கும்போது அவள் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாளே, அப்போதும் இதையேதான் கேட்டேன். எந்நேரமும் வலி வலி என்றால் யார் என்ன செய்வது என்றுகூடச் சொன்னேன். நீ கதவோரம் நின்றிருந்தாய். அதற்கப்புறம் அவள் வலியைப் பற்றிப் பேசவில்லை. வலி போய்விட்டது என்று வைத்துக்கொண்டேன், எனக்கு அது சௌகரியமாக இருந்தது. போனவாரம்தான் அவளிடம் கேட்டேன். இத்தனை வருஷமாக எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் தூக்கம் வரும் என்று சொன்னாள். இத்தனை வருஷமும் அதே கட்டிலில்தான் நானும் படுத்திருக்கிறேன்.

அடுத்த தடவை பரவாயில்லை வேண்டாம். ஆஸ்பத்திரியில் கேட்பார்களே, வலி பத்துக்கு எத்தனை என்று, அந்த எண்ணைச் சொல். போன தடவையும் அதே எண் என்றால் அதையே திரும்பச் சொல். நான் ‘இன்னுமா’ என்று கேட்கமாட்டேன்.

தரையில் எது விழுந்தாலும் விழுந்தபடி கிடக்கட்டும். குனியாதே.

அன்புடன்
அப்பா