ஆள் அதே, சின்னம் வேறு

ராமமூர்த்தி நகர், பெங்களூரு
15.12.2019

மாப்ளே,

திங்கட்கிழமை மத்தியானம் நீ அனுப்பிய ஒற்றை வரி கிடைத்தது. "உங்க ஊருக்கு என்ன ஆச்சு மச்சான்?" பக்கத்திலேயே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். மே மாதம் உன்னை ஓட்டியதற்கு வட்டியோடு வசூல். வசூலித்துக்கொள். ஆனால் இதை ஃபோனில் பேசினால் நீ என்னை ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்க விடமாட்டாய். அதனால்தான் கடிதம். குறுக்கே பேச வழியில்லை பார்.

முதலில் சம்பிரதாயம். இங்கே எல்லோரும் சுகம். மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. வெங்காயம் விற்கிற விலையில் உன் தங்கச்சி அது இல்லாமலே சாம்பார் வைக்கப் பழகிவிட்டாள்; எனக்குத்தான் இன்னும் பழகவில்லை. நெட்டையன் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் வராததற்கு அங்கே என்னை வறுத்தெடுத்ததாகக் கேள்வி. அதை நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மே மாதம் நான் என்ன சொன்னேன்? "அரவக்குறிச்சிக்காரர்களுக்கு விரலில் மை காய்வதே இல்லை" என்றேன். அதில் ஒன்றும் பொய் இல்லையே. 2016-ல் பணப் பட்டுவாடா என்று தேர்தல் ஆணையமே தேர்தலை ரத்து செய்து, நவம்பரில் மறுபடி நடத்திய தொகுதி உங்களுடையது. அதில் இரட்டை இலையில் செந்தில் பாலாஜியை ஜெயிக்க வைத்தீர்கள். அடுத்த வருஷம் தினகரன் பக்கம் நின்று பதவி பறிபோன 18 பேரில் அவரும் ஒருவர். இந்த மே மாதம் அதே ஆள் உதயசூரியனில் வந்து நின்றார், முப்பத்தேழாயிரம் சொச்சம் வித்தியாசத்தில் மறுபடி ஜெயிக்க வைத்தீர்கள். நான் சிரித்தேன். கணக்கு வாத்தியாரும் சிரித்தார், நான் மட்டும் இல்லை.

இப்போது எங்கள் கே.ஆர்.புரம். 2018-ல் கை சின்னத்தில் ஜெயித்த பைரதி பசவராஜ், ஐந்தாம் தேதி நடந்த இடைத்தேர்தலில் தாமரையில் நின்று அறுபதாயிரம் ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்திருக்கிறார். நீ சிரிக்க வேண்டிய இடம் இதுதான். சிரித்துவிட்டு மேலே படி.

உனக்கு இங்கே நடந்தது முழுசாகத் தெரியாது. உங்கள் டிவியில் மும்பை ஓட்டல் வாசலை மட்டும்தான் காட்டியிருப்பார்கள். 2018 தேர்தலில் பா.ஜ.க. 104 இடம் வாங்கி, பெரும்பான்மைக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது. எடியூரப்பா முதல்வராகப் பதவியேற்றார். நம்பிக்கை வாக்கெடுப்புக்கு முன்பே, இரண்டே நாளில், ராஜினாமா செய்தார். காங்கிரசும் தேவகவுடா கட்சியும் கைகோத்துக் குமாரசாமியை உட்கார வைத்தன. அந்த ஆட்சி பதினாலு மாசம் இழுத்துக்கொண்டு கிடந்தது. இந்த ஜூலையில் கூட்டணி எம்.எல்.ஏ.க்கள் கொத்துக் கொத்தாக ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டு மும்பைக்குப் போய்விட்டார்கள். கூவத்தூரைப் பார்த்த உனக்கு மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. என்ன, கூவத்தூரில் ஆட்சி அமைக்க அடைத்து வைத்தார்கள், இங்கே கவிழ்க்க.

இதில் சூட்சுமம் எங்கே என்றால், ராஜினாமா கொடுத்தவர்களில் யாரும் எதிர்த்து ஓட்டுப் போடவே இல்லை. எதிர்த்துப் போட்டால் கொறடா உத்தரவை மீறியதாக ஆகும், கட்சி தாவல் தடைச் சட்டம் பாயும். அதனால் சபைக்கே வரவில்லை. வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் ஜூலை 17-ல் இடைக்கால உத்தரவு போட்டது. ஜூலை 23-ல் ஆதரவு 99, எதிர்ப்பு 105. ஆட்சி முடிந்தது. சபாநாயகர் ரமேஷ் குமார் விடவில்லை. 17 பேரையும் தகுதி நீக்கம் செய்ததோடு, இந்தச் சட்டசபையின் ஆயுள் முடியும் வரைக்கும், அதாவது 2023 வரைக்கும், தேர்தலிலேயே நிற்கக் கூடாது என்றும் எழுதிவிட்டார்.

உச்ச நீதிமன்றம் நவம்பர் 13-ல் தீர்ப்புச் சொன்னது. தகுதி நீக்கம் செல்லும். ராஜினாமா கொடுத்துவிட்டதால் மட்டும் அதிலிருந்து தப்பிக்க முடியாது. ஆனால் எத்தனை காலத்துக்கு என்று நாள் குறிக்கிற அதிகாரம் சபாநாயகருக்குச் சட்டத்தில் எங்கேயும் கொடுக்கப்படவில்லை, ஆகவே இடைத்தேர்தலில் நிற்கலாம். மறுநாளே 16 பேர் பா.ஜ.க.வில் சேர்ந்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு அவரவர் பழைய தொகுதியிலேயே சீட்டு. மாப்ளே, நான் பள்ளியில் பரீட்சையில் பிட் அடித்து மாட்டியபோது பெரிய வாத்தியார் என்ன செய்தார் என்று உனக்கு நினைவிருக்கும். அவர் இந்தச் சட்டத்தைவிடக் கறாரான ஆள்.

17 தொகுதியில் 15-க்குத் தேர்தல். மற்ற இரண்டுக்கும் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்கு நிலுவை. ஆட்சி நிலைக்க, ஆதரவு தரும் சுயேச்சையையும் சேர்த்துக்கொண்டால், பா.ஜ.க.வுக்கு இன்னும் ஆறு பேர் போதும். பன்னிரண்டு கிடைத்தது. காங்கிரசுக்கு இரண்டு, சுயேச்சை ஒன்று, தேவகவுடா கட்சிக்குப் பூஜ்யம். தாவியவர்களில் 13 பேர் நின்றார்கள், 11 பேர் ஜெயித்தார்கள். மண்டியா மாவட்டத்தில் இதுவரை தாமரை ஜெயித்ததே இல்லை, கே.ஆர்.பேட்டையில் ஜெயித்துவிட்டது. எடியூரப்பாவின் பூர்வீக ஊர் இருக்கிற தாலுகா வேறு. முடிவு வந்த அன்றைக்கே சித்தராமையா எதிர்க்கட்சித் தலைவர் பதவியை ராஜினாமா செய்தார்.

அத்தாணி கதையைக் கேள். அங்கே 2018-ல் காங்கிரசின் மகேஷ் குமட்டள்ளியிடம் தோற்றவர் பா.ஜ.க.வின் லட்சுமண் சவதி. ஆட்சி மாறியதும் சவதியைத் துணை முதல்வராக்கினார்கள், எந்தச் சபையிலும் உறுப்பினராக இல்லாதவரை. அப்புறம் சீட்டு யாருக்கு? குமட்டள்ளிக்கு. தன்னைத் தோற்கடித்த மனிதருக்குத் துணை முதல்வர் ஓட்டுக் கேட்க வேண்டிய நிலை. இதைக் கதையாக எழுதினால் நம்ம மீசை "லாஜிக் இடிக்குது" என்பான்.

நான் யாருக்குப் போட்டேன் என்று கேட்பாய். சொல்லமாட்டேன். உன் தங்கச்சி யாருக்குப் போட்டாள் என்பதை அவளே தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்: தாமரைக்கு. பிரசார நாட்களில் வீட்டில் தினமும் இதே சண்டைதான். "கட்சி மாறினா மாறிட்டுப் போகட்டும். கூப்பிட்டா வர்ற ஆளா இல்லையா? இப்ப எதிர்க்கட்சிக்காரனை ஜெயிக்க வச்சு, அடுத்த மூணரை வருஷம் தண்ணிக்கும் ரோட்டுக்கும் நீங்க போய் நிப்பீங்களா?" என்றாள். டின் ஃபேக்டரி பக்கம் தினமும் ஒரு மணி நேரம் நெரிசலில் நிற்கிற எனக்கு இதற்குச் சட்டென்று பதில் வரவில்லை. முடிவு வந்த பிறகுதான் யோசிக்க ஆரம்பித்தேன், இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உண்மையில் இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

ஐந்தாம் தேதி எங்களிடம் கேட்ட கேள்வி என்ன? "உன் எம்.எல்.ஏ. உன்னைக் கேட்காமல் கட்சியை விட்டது சரியா?" என்று யாரும் கேட்கவில்லை. ஆட்சி ஜூலையிலேயே மாறிவிட்டது. டிசம்பரில் கேட்டது, "உன் தொகுதி ஆளுங்கட்சியோடு இருக்கட்டுமா, வேண்டாமா?" என்றுதான். ஜெயித்து வந்தால் மந்திரி பதவி என்ற வாக்குறுதி வேறு. அந்தக் கேள்விக்கு உன் தங்கச்சி சொன்ன பதில் சரியான பதில், அவளிடம் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பதிலை எடுத்துக்கொண்டுபோய், கேட்காத கேள்விக்கான பதிலாக மாட்டுகிறார்களே, அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. "மக்களே தீர்ப்பு வழங்கிவிட்டார்கள், இனி யாரும் துரோகி என்று சொல்ல முடியாது." ஒன்பதாம் தேதி ராத்திரி முழுக்க டிவியில் இதே பேச்சு.

இன்னொன்றையும் பார். 2003-ல் சட்டத்தைத் திருத்தியபோது, தாவித் தகுதி இழந்தவர் மந்திரியாகக் கூடாது என்று சேர்த்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் மறுபடி தேர்தலில் ஜெயித்துவிட்டால் அந்தத் தடை விலகிவிடும். ஆக, இடைத்தேர்தல் என்பது தண்டனைக்குப் பின்னால் வருகிற சோதனை இல்லை, மந்திரி அறைக்குப் போகிற வாசல். முன்பு மூன்றில் ஒரு பங்கு பேர் பிரிந்து போனாலே தப்பலாம், அதை அந்தத் திருத்தத்தில் அடைத்தார்கள். இப்போது மூன்றில் இரண்டு பங்கு பேர் இணைய வேண்டும். இந்த ஜூலையிலேயே கோவாவில் காங்கிரசின் 15 எம்.எல்.ஏ.க்களில் 10 பேர் அப்படியே பா.ஜ.க.வில் இணைந்தார்கள். அங்கே ராஜினாமா இல்லை, இடைத்தேர்தலும் இல்லை. அந்த எண்ணிக்கை கிடைக்காத கர்நாடகத்தில் ராஜினாமா வழி. ஒரு கதவை அடைத்தால் ஜன்னல்.

"எல்லா ஊரிலும் ஆளுங்கட்சிதான் இடைத்தேர்தலில் ஜெயிக்கும், திருமங்கலத்தை மறந்துட்டியா?" என்று நீ சொல்வாய். மறக்கவில்லை. ஆனால் அது மட்டுமே இல்லை மாப்ளே. ஹொசகோட்டையைப் பார். என் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம். எம்.டி.பி. நாகராஜ், காங்கிரஸ் மந்திரியாக இருந்தவர், தாமரைக்குப் போனார். வேட்புமனுவிலேயே ஆயிரம் கோடிக்கு மேல் சொத்துக் காட்டியவர். சட்டப்படி வேட்பாளர் செலவு செய்யலாம் என்கிற வரம்பு 28 லட்சம்! அவரிடம் 2018-ல் தோற்றவர் பா.ஜ.க.வின் சரத் பச்சேகவுடா. "எனக்குரிய சீட்டை அவருக்கா?" என்று சரத் வாரியத் தலைவர் பதவியைக்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சுயேச்சையாக நின்றார். அப்பா பா.ஜ.க. எம்.பி.! ஓட்டுப்பதிவு தொண்ணூறு சதவீதத்தைத் தொட்டது. எங்கள் கே.ஆர்.புரத்தில் பாதிப் பேர்கூட வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். சரத் பதினோராயிரம் சொச்சத்தில் ஜெயித்தார்.

அங்கேயிருந்து வருகிற எங்கள் பால்காரர் அன்றைக்குக் கணக்கில்கூடத் தப்பு விட்டார், அவ்வளவு சந்தோஷம். எனக்கும்தான். ஏன் அங்கே மட்டும் நடந்தது என்று யோசித்தால், அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு வசதி இருந்தது. ஆட்சியை எதிர்க்காமலே தாவியவரைத் தோற்கடிக்க முடிந்தது. இரண்டு கேள்விகளும் அங்கே தனித்தனியாகப் பிரிந்து நின்றன. எங்களுக்கு இரண்டும் ஒரே பொத்தானில் ஒட்டிக்கொண்டிருந்தன.

இதையும் முழு விதி என்று எழுதிவிட முடியாது. ஹுன்சூரில் தேவகவுடா கட்சியின் மாநிலத் தலைவராகவே இருந்த விஸ்வநாத் தாமரைக்குப் போய்க் காங்கிரசிடம் தோற்றார். அக்டோபரில் குஜராத்தில் அல்பேஷ் தாக்கோர், காங்கிரசிலிருந்து ஆளும் பா.ஜ.க.வுக்குப் போய் ராதன்பூரில் நின்று தோற்றார். உங்கள் பக்கம் தினகரனோடு நின்றவர்கள் பரிசுப் பெட்டிச் சின்னத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள், ஒருவரும் தேறவில்லை. செந்தில் பாலாஜி மட்டும் சரியான நேரத்தில் வேறு வண்டி ஏறினார். அவரும் ஆளுங்கட்சிக்குப் போகவில்லை, எதிர்க்கட்சிக்குப் போனார். அந்த ஒரு விஷயத்தில் அரவக்குறிச்சியை எங்கள் தொகுதியோடு சேர்த்துப் பார்க்க முடியாது என்று ஒத்துக்கொள்கிறேன். நீங்கள் போட்டது ஆட்சியில் இல்லாத பக்கத்துக்கு. இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, கைதான் எழுதுகிறது.

என்ன செய்யலாம்? தகுதி இழந்தவர் அந்தச் சபையின் காலம் முடியும் வரை நிற்கக் கூடாது என்று நாடாளுமன்றமே சட்டத்தில் எழுத வேண்டும் என்றேன். ரமேஷ் குமார் சொன்னதைத்தான், சட்டமாக. உன் தங்கச்சி கையில் கரண்டியோடு வந்தாள். "அப்ப எனக்குப் பிடிச்ச ஆளுக்கு ஓட்டுப் போடக் கூடாதுன்னு டெல்லியில உட்கார்ந்து முடிவு பண்ணுவாங்களா?" அதுவும் நியாயம்தானே? இதில் நீ யார் பக்கம் என்று எழுது. என் பக்கம் என்று எழுதினால் அவளிடம் காட்டுவேன். அவள் பக்கம் என்றால் கடிதமே வரவில்லை என்று சொல்லிவிடுவேன்.

அப்புறம், இன்னொரு சேதி காதில் விழுந்தது. உன் சின்ன மைத்துனர் இந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் ஒன்றியக் கவுன்சிலருக்கு நிற்கிறாராமே? 27-ஆ, 30-ஆ உங்களுக்கு? ஒன்றியத் தலைவரைக் கவுன்சிலர்கள்தானே தேர்ந்தெடுப்பார்கள், கட்சி தாவல் தடைச் சட்டம் அவர்களுக்குக் கிடையாது. ஜெயித்த மறுநாளே யாராவது காரோடு வந்து நிற்பார்கள். எந்தப் பக்கத்துக்காரர் கூப்பிட்டாலும் ஏறாமல் வீட்டிலேயே இருக்கச் சொல். கட்டாயம் ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் பெங்களூரு பக்கம் கூட்டி வரச் சொல், இங்கே ரிசார்ட்டுக்குப் பஞ்சமில்லை. உன்னையும் துணைக்கு அனுப்பினால் நெட்டையன் விஷயத்தில் நீ வைத்திருக்கிற திட்டை அப்படியே நேரில் வாங்கிக்கொள்வேன்.

பதில் போடு. பொம்மை வேண்டாம், எழுத்தாகப் போடு.

உன்,
மச்சான்